சிதம்பரம் எவ்வளவு தூரம்

கூத்தாநல்லூருக்குத் தெற்கே ஒரு வாய்க்கால், மூன்று ஊர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக் களைத்துப்போய் நாலாவது ஊரில் வந்து படுத்துக்கொள்ளும். அந்த நாலாவது ஊர் ஆலங்கரை. கடைமடை என்பதால் அங்கே எல்லாமே பிந்தித்தான் வரும். தண்ணீர் வர ஆனி பாதியாகிவிடும். ஓட்டுக் கேட்கிற கார் வரப் பொழுது சாய்ந்துவிடும். ஆட்சி மாறிப்போன சேதிகூட, மேலத்தெருப் பண்ணை துரைராசு தம் காரில் பழைய கொடியை அவிழ்த்துப் புதுக் கொடியைக் கட்டிக்கொண்ட அன்றைக்குத்தான் ஊருக்குச் சரியாக விளங்கியது. நிலத்துக்கு உச்சவரம்பு குறைத்துச் சட்டம் போட்டார்கள். அவர் மச்சினன் பேரிலும் மாமியார் பேரிலும் செத்துப்போன சமையற்காரன் பேரிலும் நிலத்தை எழுதிவைத்துவிட்டுக் கொடிக்குக் கீழே நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

அப்படிப்பட்ட ஊரில், வாய்க்காலுக்கு அந்தண்டைச் சேரியில், கண்ணுசாமிக்கும் அம்சத்துக்கும் பிறந்த ஒற்றைப் பெண் ஜெயா பி.எஸ்ஸி. தேறினாள் என்றால், தண்ணீர் மேட்டுக்கு ஏறின மாதிரிதான். திருவாரூர்க் கல்லூரிக்கு மூன்று வருஷம் பஸ்ஸில் போய்வந்தாள். கூத்தாநல்லூரில் துணிக்கடை வைத்திருந்த அல்லா பிச்சை ராவுத்தர் மகள் நஃபீசாவும் அதே வகுப்பு. இரண்டு பெண்களும் ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் திரும்புவார்கள். நஃபீசாவுக்குப் படிப்பு அத்தோடு சரி என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அவள் அழுது தீர்த்துவிட்டுத் தன் புத்தகங்களையெல்லாம் கட்டி ஜெயாவிடம் கொடுத்தாள். "நீயாவது எம்.எஸ்ஸி. படி. படிச்சுட்டு என்ன படிச்சேன்னு எனக்கு வந்து சொல்லு" என்று சொன்னாளாம்.

ஜெயாவுடைய படிப்பு செடிகொடிகளைப் பற்றியது. சிதம்பரத்துப் பல்கலைக்கழகத்துக்கு மனுப் போட்டுவிட்டு, அந்த வைகாசி முழுக்க வரப்புவரப்பாக அலைந்தாள். கோரையையும் பொடுதலையையும் நீர்முள்ளியையும் வேரோடு பிடுங்கிவந்து, பழைய பேப்பருக்கு நடுவே விரித்து, மேலே அம்மிக்கல்லைத் தூக்கி வைத்துவிடுவாள். அங்கே சேர்க்கைக்குக் கேள்வி கேட்கும்போது எடுத்துக் காட்ட வேண்டுமாம். அம்சத்துக்கு மிளகாய் அரைக்க அம்மி கிடைக்காது. பக்கத்து வீட்டுக் காளியம்மாளிடம் போய் அரைத்துக்கொண்டு வருவாள். காளியம்மாள் சும்மா இருப்பாளா? ஊரெல்லாம் களை பறிச்சா கூலி குடுக்கறான், ஒன் மவ களை பறிச்சுப் படுக்கப் போட்டுப் போர்த்தி வைக்கறாளே, அதுக்கு யாருடி கூலி குடுப்பா என்பாள். அம்சமும் சிரிப்பாள். சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து அந்தக் கல் ஆடாமல் இருக்கிறதா என்று ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொள்வாள்.

அம்சத்துக்கும் எழுத்து தெரியும். விவசாயத் தொழிலாளர் சங்கத்தார் நடத்திய முதியோர் பள்ளியில், முடி நரைக்கத் தொடங்கிய வயசில் கற்றுக்கொண்டது. ஒவ்வொரு எழுத்தாக மிதித்து மிதித்துத்தான் போவாள். சேற்றில் நடக்கிற மாதிரி, ஆனால் கரை சேர்ந்துவிடுவாள். கையெழுத்தும் போடுவாள்.

சிதம்பரத்திலிருந்து கார்டு வந்தது. ஆடியில் ஒரு புதன்கிழமை நேரில் வர வேண்டும், சேர்க்கையும் அன்றைக்கே, தகப்பனாரோ பொறுப்பாளரோ கூட வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று ஜெயா படித்துச் சொன்னாள். கண்ணுசாமி வெளுத்த வேட்டி ஒன்றை எடுத்து மடித்துப் பெட்டிக்கு மேலே வைத்தார். புதன்கிழமைக்கு அப்போது இருபது நாளுக்கு மேல் கிடந்தது.

அதற்குள் நடவுத் தகராறு வந்துவிட்டது.

அந்த வருஷம் நடவுக் கூலியை உயர்த்திக் கேட்டுச் சங்கம் உட்கார்ந்துவிட்டது. பண்ணை ஒத்துக்கொள்ளவில்லை. மேற்கேயிருந்து லாரியில் ஆள் இறக்கினார். சேரிப் பெண்களெல்லாம் சேடை கலக்கிச் சேறாக்கிய வயலுக்கு முன்னால், வரப்பை மறித்து வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். அம்சமும் உட்கார்ந்திருந்தாள். அடிதடி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நாற்றுமுடிகள் மிதிபட்டன. பண்ணையின் காரியக்காரர் கையை ஓங்கிக்கொண்டு வரப்பில் ஓடிவந்தவர் தானாகவே சறுக்கி விழுந்தார். ஒரு பல் போய்விட்டது. அந்தப் பல்லுக்குப் போலீஸ் ஐந்து ஆள் கேட்டது.

ஆலங்கரைச் சேரியில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. தகராறு என்று வந்தால் யார் செய்தார், யார் செய்யவில்லை என்று போலீஸ் பார்ப்பதில்லை. இத்தனை ஆள் வேண்டும், அவ்வளவுதான். ஓடி ஒளிந்தால் வீடு புகுந்து பானை சட்டியை உடைப்பார்கள். அதனால் சங்கமே முறை வைத்து ஆள் கொடுத்துவிடும். வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைக்கிற மாதிரி, வீட்டுக்கு ஒரு முறை. போனவன் வீட்டுக்கு மற்ற வீடுகள் ஆளுக்கொரு நாள் அரிசி கொடுக்கும். ஒரு வாரமோ பத்து நாளோ நாகப்பட்டினம் ஜெயிலில் இருந்துவிட்டு ஜாமீனில் வருவார்கள். பிறகு வாய்தா வாய்தாவாக இழுக்கும்.

சங்கச் செயலாளர் அமிர்தலிங்கம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கண்ணுசாமி வீட்டு வாசலுக்கு வந்தபோது பகல் பொழுது. அம்சம் உள்ளே நண்டு ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, முறைப்படி பாத்தா இந்தத் தடவை ஒங்க வீடும் வருது" என்றார் அமிர்தலிங்கம். "ஆனா பாப்பாவுக்குச் சிதம்பரம் போவணும்னு இருக்கு. தள்ளி வச்சுக்கலாம். யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

"தள்ளுனா யாரு போவா?"

"எல்லையம்மா மவன் நான் போறேங்கறான்."

"அவன் பொஞ்சாதிக்கு நெறமாசம்."

"ஒரு வாரந்தானேண்ணே. எப்பவும் அதுக்குள்ள ஜாமீன் ஆயிடுதே."

"அப்ப நானே போயிட்டு வந்துடறேன்." கண்ணுசாமி நிதானமாக வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார். "எம் பொண்ணு படிக்கப் போவுதுன்னு என் முறையை அடுத்தவன் தலையில தள்ளுனா, மதகுல நின்னுக்கிட்டுத் தண்ணி முறையை மாத்தற பண்ணைக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? புதன்கிழமைக்கு இன்னும் நாளு கெடக்கு. வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்."

அம்சத்துக்கு வாய்வரைக்கும் வந்தது. இந்த ஒரு தடவை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஆனால் எல்லையம்மாள் மருமகளின் வயிறு கண்முன்னே நின்றது. கரைத்த புளியையே மறுபடியும் கரைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் வேனில் ஏறும்போது கண்ணுசாமி சிரித்துக்கொண்டுதான் ஏறினார். "நடவு முடியறவரைக்கும் குனிய வேண்டியதில்லை" என்று சொல்லி மற்ற நாலு பேரையும் சிரிக்க வைத்தார்.

ஒரு வாரம் போனது. பத்து நாளும் போனது. வழக்கமாக ஆகிற ஜாமீன் ஆகவில்லை. காரில் கொடி மாற்றிக் கட்டியது சும்மாவா? பண்ணை மேலிடத்தில் போய்ப் பேச, கேஸில் இன்னொரு பிரிவைச் சேர்த்துவிட்டார்கள். கொலை முயற்சியாம். ஒரு பல்லுக்கு. அமிர்தலிங்கம் நாகப்பட்டினத்துக்கும் ஆலங்கரைக்குமாக அலைந்தார். ஒவ்வொரு தடவையும் வந்து, திங்கட்கிழமை ஆகிவிடும் என்பார். அந்தத் திங்கட்கிழமையும் வந்தது. நீதிபதி லீவு என்றார்கள்.

புதன்கிழமைக்கு ஒரு நாள் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் அம்சம் அடுப்பு மூட்டாமல் வாசலில் உட்கார்ந்திருந்தாள். ஜெயா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, நான் தனியாப் போயிட்டு வந்துடறேன்."

"கூட ஆளு வரணும்னுல்ல எழுதியிருக்கான்."

"அப்ப நீ வா."

"நானா?"

"நீதான். திருவாரூர்ல ரயிலேறணும். மாயவரத்துல மாறணும். கேட்டுக்கிட்டே போயிடலாம்."

அம்சம் மகளைப் பார்த்தாள். திருவாரூருக்கு அப்பால் அவள் போனதில்லை. போனதில்லை என்பதுகூடப் பெரிதில்லை. சிதம்பரம் என்ற பேருக்கே அவள் மனசில் ஒரு தூரம் இருந்தது. பினாங்கு, ரங்கூன் என்று சொல்கிறார்களே, அந்த வரிசையில் அதுவும் ஒன்று. நாம் போனால் வழியில் தொலைந்துபோவோம், போய்ச் சேர்ந்தாலும் வாசலில் நிறுத்திவிடுவார்கள் என்று ஒரு பயம் அவள் பிறப்பதற்கு முந்தியிலிருந்தே இருந்தது.

"நான் வந்து என்னடி செய்யறது. அப்பா கையெழுத்துல்ல கேப்பாங்க."

"ஒனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதா?"

"அது சங்கத்து நோட்டுல போடறது. காலேசுல பொம்பளை கையெழுத்தை எடுத்துக்குவானா? அப்பா எங்கேன்னு கேட்டா என்ன சொல்லுவே? செயில்ல இருக்காருன்னு சொல்லுவியா? அப்பறம் எடம் குடுப்பானா?"

ஜெயாவுக்கு இதற்குப் பதில் இருந்தது. சொன்னாள். கேட்டால் சொல்லிக்கொள்ளலாம், அப்பா திருடிவிட்டா போயிருக்கிறார் என்றாள். அம்சத்தின் காதில் அது ஏறவில்லை. நாளைக்கு ஜாமீன் ஆகிவிடும், அப்பா வந்ததும் போய்ச் சொல்லிக்கொள்ளலாம், ஒரு நாள் பிந்தினால் என்ன, படித்தவர்களுக்குத் தெரியாதா கஷ்டம் என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். கடைமடைக்காரி அவள். பிந்தி வந்தாலும் தண்ணீர் வந்துவிடும் என்று பழகியவள். பல்கலைக்கழகத்தையும் வாய்க்காலாகத்தான் நினைத்தாள்.

அன்று மத்தியானம் அல்லா பிச்சை ராவுத்தரே குதிரை வண்டி பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். நஃபீசா சொல்லி அனுப்பியிருக்கிறாள். வண்டி சேரித் தெருவுக்குள் நுழையாது. வாய்க்கால் கரையில் இறங்கி, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்து வந்தார். அம்சம் பதறிப்போய் எழுந்து நின்றாள்.

"தங்கச்சி, எங்க வீட்டுல அவளுக்குத் தாய்வீடு பரங்கிப்பேட்டை. சிதம்பரத்துக்குப் பக்கந்தான். நானும் அவளும் இன்னிக்குச் சாயங்காலம் கெளம்பறோம். ஜெயாவும் எங்ககூட வரட்டும். ராத்திரி அங்கே தங்கிட்டு, காலையில நானே காலேஜுக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன். பொறுப்பாளருன்னு நானே கையெழுத்துப் போடறேன். எனக்கு ஒரு மவ மாதிரிதான் அது."

அம்சத்துக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர் உட்கார ஒரு நல்ல பலகைகூட வீட்டில் இல்லை. நின்றுகொண்டே பேசினார். அவர் பொய் சொல்கிறவர் அல்ல. அவர் மனைவியையும் அவளுக்குத் தெரியும். போன வருஷம் ஜெயாவுக்குக் காய்ச்சல் கண்டபோது ரொட்டி வாங்கி அனுப்பிய மனுஷி. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அம்சம் தெருவைப் பார்த்தாள்.

தெருவில் ஜனம் கூடிவிட்டது. புருஷன் ஜெயிலில் இருக்கும்போது வயசுப் பெண்ணை வண்டியில் ஏற்றி அனுப்பினாள் என்று நாளைக்கு ஒரு வாய் சொன்னால் போதாதா? அவரும் வந்து, என்னைக் கேட்காமல் யாரோடு அனுப்பினாய் என்று கேட்டால்? கேட்கமாட்டார் என்று அவளுக்கே தெரியும். தெரிந்தும் அந்தக் கேள்வியைத் தானே கேட்டுக்கொண்டு, தானே பயந்தாள்.

"நீங்க சொன்னதே போதும் ராவுத்தரய்யா" என்றாள். "அவரு நாளைக்கு வந்துடுவாரு. வந்துடட்டும்."

ராவுத்தர் ஜெயாவைப் பார்த்தார். ஜெயா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாயங்காலம் வரைக்கும் கடையில் இருப்பேன், மனசு மாறினால் ஆள் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் வரைக்கும் அம்சம் நாலு தரம் வாய்க்கால் கரைக்கு வந்து நின்றாள். நாலு தரமும் திரும்பிவிட்டாள். காளியம்மாள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். "நம்ம சனம் சிதம்பரம் போறதுன்னா எப்பவும் நாளைக்கு, நாளைக்குத்தான். அது பழைய காலத்துலேருந்து உள்ளதுடி" என்றாள். மற்ற பெண்கள் சிரித்தார்கள்.

புதன்கிழமை ஜாமீன் ஆகவில்லை. அன்றைக்கு வேறொரு மிராசுதார் உயர்த்திய கூலிக்கு ஒத்துக்கொண்டு நடவு வைத்திருந்தார். அம்சம் நாற்றங்காலுக்குப் போனபோது, அங்கே ஜெயா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு மற்ற பெண்களோடு நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தாள். கல்லூரிக்குப் போன காலத்தில் அவளைச் சேற்றில் இறங்க விட்டதில்லை. அன்றைக்கு நடவுப் பாட்டுக்கூட யாரும் எடுக்கவில்லை. மத்தியானம் வரப்பில் பழைய சோற்றுத் தூக்கைத் திறந்து கருவாட்டை எடுத்து வைத்தபோது, ஜெயா பொழுதைப் பார்த்தாள். "இந்நேரம் கூப்பிட்டிருப்பாங்க" என்று மட்டும் சொன்னாள். சோற்றைப் பிசைந்து சாப்பிட்டாள். மிச்சம் வைக்கவில்லை.

கண்ணுசாமி ஆவணி கடைசியில் வந்தார். தாடியும் இருமலுமாக வந்து, வாசலில் கால் கழுவும்போதே, "பாப்பா சேந்துடுச்சா?" என்று கேட்டார். ராவுத்தரோ வேறு யாராவதோ கூட்டிப் போயிருப்பார்கள் என்று அவர் உள்ளே நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். அம்சம் இல்லை என்று தலையசைத்தாள். அவர் சொம்பைக் கீழே வைத்தார்.

"நீ போயிருக்கலாமே அம்சம்" என்றார். அடித்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

சிதம்பரத்துக்குக் காகிதம் எழுதிப் பார்த்தார்கள். இடம் நிரம்பிவிட்டது, அடுத்த வருஷம் மனுச் செய்யலாம் என்று மரியாதையாகத்தான் பதில் வந்தது. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று கண்ணுசாமியும் சொன்னார். ஆனால் தை மாசம் ஒரு சம்பந்தம் வந்தது. திருத்துறைப்பூண்டிப் பக்கம், மாட்டு ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். ஜெயா மறுபேச்சில்லாமல் தலையாட்டினாள். அம்சத்துக்கு அதுதான் பொறுக்கவில்லை. பெண் அழுதிருந்தால், வேண்டாம் என்றிருந்தால், அவளும் சேர்ந்து நின்றிருப்பாள்.

"அடுத்த வருஷம் எழுதிப் போடலாம்னு அப்பா சொன்னாரேடி."

"அடுத்த வருஷமும் நடவு வரும். கேஸு வரும்" என்றாள் ஜெயா. அவள் குரலில் கோபம்கூட இல்லை. "அப்பவும் யாராவது வந்துடட்டும்னு வாசல்லயே நிப்போம். விடும்மா."

கல்யாணம் முடிந்து போகும்போது புத்தகங்களைக் கட்டி நஃபீசாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அடுத்து வந்த ஆவணியில் ஆலங்கரைக்குத் தண்ணீர் சரியாக வரவில்லை. வயலெல்லாம் வெடித்துக் கிடந்தது. கொள்ளிடத்துக்கு வடக்கே நடவுக்கு ஆள் வேண்டும் என்று ஒரு கங்காணி வந்து பெண்களைச் சேர்த்தான். காளியம்மாள் பேர் கொடுத்தாள், அம்சமும் கொடுத்தாள். எந்த ஊர் என்று அவள் கேட்கவில்லை. வயிற்றுக்குப் போகிறவர்கள் ஊர் பேரா கேட்பார்கள்? திருவாரூரில் ரயிலேறின பிறகுதான், சிதம்பரத்துப் பக்கம் என்று யாரோ சொன்னார்கள். அம்சம் ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

ரொம்ப தூரம் போகிறோம் என்று இரண்டு வேளைக்குக் கட்டுச்சோறு கட்டியிருந்தாள். புளிச்சோறும் வறுத்த உப்புக்கண்டமும். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பலகையை எழுத்து எழுத்தாகப் படித்தாள். மாயவரத்தில் வண்டி மாறினார்கள். இந்த வண்டிதானா என்று எதிரே வந்த போர்ட்டரைக் கேட்டது அவள்தான். அவன் நின்று பதில் சொல்லிவிட்டுப் போனான். கொள்ளிடம் பாலத்தில் வண்டி சத்தம் போட்டுக்கொண்டு போனது. இனிமேல்தான் தூரம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். சற்றைக்கெல்லாம் வண்டி நின்றது. வெளியே பலகை. சி, த, ம் என்று படித்துக்கொண்டிருக்கும்போதே கங்காணி சத்தம் போட்டான்.

"எறங்குங்க, எறங்குங்க. வந்தாச்சு."

"அதுக்குள்ளயா?" என்றாள் அம்சம்.

"பின்னே? ரங்கூன்னு நெனைச்சியா?"

மடியில் முதல் வேளைச் சோற்று மூட்டை அவிழ்க்காமலே இருந்தது. வெளியே வெயில் இன்னும் உச்சிக்கு வரவில்லை. அம்சம் பிளாட்பாரத்தில் மூட்டையோடு நின்றாள். காளியம்மாள் வந்து, ஏடி மயக்கம் வருதா என்று தோளைப் பிடித்து உலுக்கினாள்.

அவர்கள் நட்ட வயல் கிழக்கே, பல்கலைக்கழகத்துக்குப் போகிற சாலையை ஒட்டியிருந்தது. மரங்களுக்கு மேலே கட்டடங்களின் தலை தெரியும். காலையிலும் மாலையிலும் பிள்ளைகள் சாரி சாரியாக நடந்து போவார்கள். அம்சம் முதல் இரண்டு நாள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மூன்றாம் நாள் சாயங்காலம், காலில் ஒட்டின சேற்றைக் கழுவச் சாலையோர வாய்க்காலுக்கு வந்தாள். சின்ன மதகு ஒன்றில் ஒரு பெண் அறுந்துபோன செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கறுத்த, மெலிந்த பெண். புத்தகங்களை மடியில் வைத்திருந்தாள்.

அம்சம் தன் முந்தானை முடிச்சிலிருந்து ஊக்கு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பெண் செருப்பில் அதைக் குத்திக்கொண்டே சிரித்தாள்.

"எந்த ஊரு தாயி?"

"நீடாமங்கலம் பக்கம்ங்க."

"எங்க ஊருப் பக்கந்தான். யாரு கொண்டாந்து விட்டா?"

"அம்மா."

"அப்பா வரலையா?"

"அப்பா இல்லைங்க. சின்ன வயசுலயே போயிட்டாரு."

அம்சம் மதகில் கை வைத்துக்கொண்டாள். "கையெழுத்து கேட்டாங்களா?"

"அம்மாவுக்குக் கையெழுத்துப் போட வராது. கைநாட்டு வச்சாங்க."

"எடுத்துக்கிட்டாங்களா?"

அந்தப் பெண்ணுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "எடுத்துக்கிட்டாங்களே" என்றாள்.

"ஒங்கம்மா இதுக்கு முன்னால இங்கே வந்திருக்காங்களா?"

"எங்கே வந்திருக்காங்க? அவங்களும் நடவுக்குப் போறவங்கதான். ரயிலே அன்னிக்குத்தான் ஏறுனாங்க. கேட்டுக் கேட்டு வந்து சேந்தோம்."

செருப்பு சரியாகிவிட்டது. அவள் எழுந்து, போயிட்டு வரேங்க என்று சொல்லிவிட்டு நடந்தாள். மரங்களுக்குள் மறையும்வரை அம்சம் பார்த்துக்கொண்டு நின்றாள். காலில் சேறு அப்படியே இருந்தது. வயலிலிருந்து காளியம்மாள் கூப்பிட்டாள். இருட்டுவதற்குள் இன்னும் ஒரு துண்டு வயலையும் முடிக்கச் சொல்லிவிட்டானாம் கங்காணி. அம்சம் திரும்பிப்போய் தன் இடத்தில் இறங்கினாள்.

"அந்தப் புள்ளகிட்ட நின்னு என்னடி கேட்டே, அவ்வளவு நேரம்?"

"வழி கேட்டேன்" என்றாள் அம்சம்.

"எங்கே போவறதுக்கு?"

அம்சம் நாற்றுமுடியை அவிழ்த்தாள். பக்கத்து ஆள் அதற்குள் நட்டுக்கொண்டு தள்ளிப் போயிருந்தாள். அந்த இடைவெளியை நிரப்பக் குனிந்தாள்.